இந்தக் குரலின் உரிமையாளர்

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதைக்கூடப் படித்துவிடுகிற பழக்கம் எனக்கு. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்ற தகரப் பலகை, எதுவாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்த பிறகுதான் எனக்கு அடுத்த வேலை ஓடும். வீட்டில் இதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் பள்ளிக்கூட விண்ணப்பமோ வாடகை ஒப்பந்தமோ எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். அதனால் நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டபோது நான் தயங்கவில்லை. என் மேலதிகாரியாக உங்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும், எனக்கு எழுதுவதில் சிரமம் கிடையாது.

என் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் காகிதம் வேறு கைகளுக்கும் போகலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் யாராவது ஒரு பாட்டையோ பேச்சையோ ஏற்றினால், அது ஏற்கெனவே பதிவுசெய்யப்பட்ட இன்னொருவருடைய சொத்தா என்று இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் எங்கள் திரைக்கு அனுப்பும். திரையில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று ‘நீக்கு’, இன்னொன்று ‘விடு’. பதினொரு வருடமாக இந்த இரண்டையும் அழுத்திக்கொண்டிருக்கிறேன். மருத்துவ விடுப்பு தவிர வேறு விடுப்பு எடுத்ததில்லை.

அதற்கு முன்னாலிருந்தே நான் கதை எழுதினேன். மொத்தம் நூற்றுப் பதினான்கு.

எழுதியது நான், வாசித்தது என் தங்கையின் கணவர். மாப்பிள்ளைக்கு அருமையான குரல். யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. அவர்கள் வீட்டுப் படுக்கையறையில் துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, மேலே போர்வையைப் போர்த்தி, உள்ளே தலையை விட்டுக்கொண்டு வாசிப்பார். மின்விசிறியை நிறுத்திவிடுவதால் வியர்த்துக் கொட்டும். எங்கே மூச்சு விடவேண்டும் என்பதை நான் பென்சிலால் சாய்வுக் கோடு போட்டுக் காட்டியிருப்பேன். பதினைந்து வருடத்துக்கு முந்தைய சங்கதி. அன்று இணையத்தில் யார் எதை ஏற்றினாலும் கேட்க ஆளில்லை. லைசென்ஸ், உரிமை என்ற பேச்செல்லாம் சினிமாக் கம்பெனிகளுக்கானது என்று நினைத்தோம். அவருடைய சேனலுக்குக் கூட்டம் சேர்ந்தது. ‘கதையண்ணா’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

என் பெயர் எங்கும் இல்லை. பத்துக் கதை போகட்டும் என்று பொறுத்திருந்து, ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டேன்.

"பேரு போட்டா, யார்ரா இதுன்னு தேட ஆரம்பிச்சுடுவாங்க மச்சான். கேக்கறவங்களுக்கு ஒரே ஆளுதான் இருக்கணும். சட்டை மேல தையல்காரர் பேரு எழுதறாங்களா, சொல்லுங்க?"

எழுதுகிறார்கள். காலருக்கு உள்ளே, கழுத்தில் உறுத்துகிற இடத்தில் தைத்திருப்பார்கள். தங்கை எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

நான்காவது வருடம் என் அப்பாவைப் பற்றி எழுதினேன். அப்பா கடைசி மூன்று நாள் என்னை அடையாளம் தெரியாமல், வீட்டுக்கு வந்த மின்சாரப் பணியாளர் என்று நினைத்துக்கொண்டு, சுவிட்ச் ஒவ்வொன்றாகக் காட்டி எது எரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குக் கைகொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். நான் எழுதியவற்றில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மனம் வராத கதை அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை அதை இப்படித் தொடங்கினார்: "இது எங்க அப்பாவுக்கு நடந்தது."

அவருடைய அப்பா அப்போது பக்கத்து அறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நல்ல ஆரோக்கியமான மனிதர், இன்றைக்கும் நடைப்பயிற்சி போகிறார். ஆனால் ஆயிரக்கணக்கான பேர் மாப்பிள்ளைக்கு ஆறுதல் எழுதினார்கள். ‘உங்கள் அப்பா உங்களோடுதான் இருக்கிறார் அண்ணா’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அவர் அவளுக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க விரும்பவில்லை, மறைத்தால் மீதியெல்லாம் உங்களுக்குப் புரியாது.

தங்கையிடம் சொன்னேன். அவளுக்கும் அவர் அப்பாதானே.

"எப்படியோ அப்பா கதை எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துச்சேண்ணா. அதுக்குப் போய் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு," என்றாள்.

அந்தக் கதைக்கு ஒரு விருது கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று மேடையில் கேட்டதற்கு, மாப்பிள்ளை நெஞ்சைத் தொட்டு, "இங்கேருந்துதான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்த மாதம் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்.

எழுதுவதைச் சட்டென்று நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். இன்னும் மூன்று வருடம் அவ்வப்போது எழுதிக் கொடுத்துக்கொண்டே, அலுவலகத்தில் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். பெரும்பாலானவர்களுக்கு அது எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. முன்பெல்லாம் ஒரு புத்தகத்தை அச்சடிக்க ஒரு அனுமதி, சினிமா எடுக்க ஒரு அனுமதி, அவ்வளவுதான். இப்போது ஒப்பந்தங்களில் ஒரு வாக்கியம் வருகிறது: ‘இன்று உள்ளதும் இனிமேல் கண்டுபிடிக்கப்படப் போவதுமான எல்லாத் தொழில்நுட்பங்களிலும்.’ அதை முதல்முறை படித்தபோது எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்னும் பிறக்காத ஒன்றுக்கு இன்றே கையெழுத்து வாங்கிவிடலாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையே என்னைத் தேடி வந்தார். யாரோ அவருடைய பதிவுகளை எடுத்து வேறு சேனல்களில் போட்டுக் கூட்டம் சேர்க்கிறார்களாம்.

"என் குரலைத் திருடறானுங்க மச்சான். உங்க வேலையே இதானே, ஏதாவது பண்ணுங்க."

கதையைத் திருடுகிறார்கள் என்று சொல்லியிருந்தால்கூட நான் மனம் மாறியிருப்பேன் என்று நினைக்கிறேன். குரலைத் திருடுகிறார்கள் என்றார். சரி என்றேன். திருடர்களைத் துரத்த வேண்டுமானால் உரிமை எல்லாம் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று விளக்கி, நானே ஒரு சிறிய நிறுவனத்தைப் பதிவுசெய்து, பன்னிரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் தயாரித்தேன். ஒன்பதாம் பிரிவில், ஒலிப்பதிவுகளின் உரிமையும் அவற்றில் கேட்கும் குரலை எந்த வடிவிலும் மீண்டும் உருவாக்குவதற்கான உரிமையும் அந்த நிறுவனத்துக்குச் சேரும் என்று எழுதினேன். பக்கத்தை ஒளிக்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கவும் இல்லை. வேண்டுமானால் அளந்து பாருங்கள், எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவு எழுத்துதான்.

"எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க. நீங்க எழுதினா தப்பா இருக்குமா?" என்று ஃப்ரிட்ஜின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். தங்கை சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலை உறையில் போட்டு அவர்கள் அலமாரியிலேயே வைத்தேன். ஆறு வருடம் அந்த உறையை யாரும் பிரிக்கவில்லை. திருடர்களின் பதிவுகளை ஒரே வாரத்தில் நீக்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் உயிர் பிழைக்க வாய்ப்பு என்றார் டாக்டர். அந்த அறையில் நானும் இருந்தேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் விடுவித்துக்கொள்ளவில்லை. கட்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. தெளிவாக இருக்கட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது இதற்கெல்லாம் வசதி இருக்கிறது. ஒருவருடைய பழைய பதிவுகளைக் கொடுத்தால், அவர் குரலைப் போலவே பேசும் செயலி செய்து கொடுக்கிறார்கள். டேப்லெட்டில் தட்டச்சு செய்தால் அது பேசும். சுத்தமான பதிவு பல மணி நேரம் தேவை என்றார்கள். எங்களிடம் நூற்றுப் பதினான்கு கதை இருந்தது. கோப்புகளை ஒழுங்குபடுத்தி ஏற்றிக் கொடுத்தவன் நான். கடைசியில் ‘இந்தப் பதிவுகளின் முழு உரிமையும் என்னுடையது’ என்று ஒரு கட்டம் வந்தது. தங்கை அதில் டிக் போட்டாள்.

"படிச்சியா?" என்று கேட்டேன்.

"நாப்பது பக்கம் இருக்குண்ணா. யாரு படிப்பாங்க?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மாப்பிள்ளை மெதுவாகத் தட்டச்சு செய்தார். டேப்லெட் அவர் குரலில், "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டது. ஒன்பது வயது மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தங்கை சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்கும் கண் கலங்கியது. நான் உணர்ச்சி இல்லாதவன் இல்லை.

பத்தொன்பது நாள் விட்டேன். ஏன் அன்றைக்கே செய்யவில்லை என்று நேற்று கேட்டீர்கள். அவர் கையில் வந்து சேராததை அவரிடமிருந்து எடுக்க முடியாது. பழகட்டும் என்று காத்திருந்தேன்.

இருபதாம் நாள் காலையில், காபி குடித்துவிட்டு, என் நிறுவனத்தின் பெயரில் உரிமை கோரினேன். ஒப்பந்தத்தை இணைத்தேன். செயலி நிறுவனத்தின் இயந்திரம் பதினொரு நிமிடத்தில் குரலை நிறுத்திவிட்டது. அதற்குப் பதில் பொதுக் குரல் ஒன்று வந்தது, ரயில் நேரம் வாசிக்கிற மாதிரி ஒரு ஆண் குரல். மாப்பிள்ளை மகளைக் கூப்பிட்டார். அவள் கதவுப் பக்கத்திலிருந்தே, "இது அப்பா இல்ல" என்றாள். அதற்குப் பிறகு அவர் டேப்லெட்டை எடுத்தாலே அவள் வேறு அறைக்குப் போய்விடுவாள். குழந்தைதானே, பயம்.

தங்கை என்னிடம் ஓடி வந்தாள். அறிவிப்பில் இருந்த நிறுவனத்தின் பெயரைக் காட்டினாள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்த அதே பெயர்தான், அவளுக்கு நினைவில்லை.

"யாருண்ணா இவங்க? நாங்க யாருக்கு என்ன பாவம் பண்ணோம்? உனக்கு அங்க எல்லாரையும் தெரியுமே, கேட்டுப் பாரேன். கால்ல வேணாலும் விழறேன்."

விசாரிக்கிறேன் என்றேன். எதிர்ப்பு மனுவும் நானே எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு உரிமைக் கோரிக்கையை எதிர்த்து எழுதினால் அது முதலில் யாரிடம் போகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. உரிமை கோரியவரிடமே போகிறது. விட்டுக்கொடுப்பதா இல்லையா என்று அவரே முடிவு செய்யலாம். இந்த விதியை நான் ஏற்படுத்தவில்லை.

மனுவை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஒரு தகப்பன் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் இருப்பதை, மிகைப்படுத்தாமல், ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். தங்கை படித்துவிட்டுத் தேம்பினாள். என் எழுத்திலேயே அப்பா கதைக்கு அடுத்தபடியாக அதைத்தான் சொல்வேன். சனிக்கிழமை காலையில் அது என் நிறுவனத்தின் பெட்டிக்கு வந்தது. மறுபடி ஒருமுறை படித்தேன், ஒரு காற்புள்ளி உறுத்தியது. ‘போதிய காரணம் இல்லை’ என்று குறித்து நிராகரித்தேன்.

இரண்டாவது மனு மேல்முறையீடு. அந்தச் செயலி நிறுவனத்தின் மேல்முறையீடுகளும் நம் அலுவலகத்துக்குத்தான் வரும் என்பதால், அது என் பிரிவுக்கு வந்தது. அதை என் பெயருக்கு ஒதுக்கிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நிராகரித்தேன். உறவினர் சம்பந்தப்பட்ட கோப்பை அலுவலக நேரத்தில் கையாண்டது நடத்தை விதிக்கு முரண். அந்தத் தவறை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கிடையில், வரிசை எண் அறிவிக்கும் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனி, நல்ல ஆண் குரலுக்கு லைசென்ஸ் தேடிக்கொண்டிருந்தது. வங்கி, மருத்துவமனை மாதிரி இடங்களில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற கருவி. வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை கதிர்வீச்சுக்குப் போய்க்கொண்டிருந்த மருத்துவமனையும் அதில் இருந்தது. உடன்பட்டேன்.

அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. தங்கைக்குக் கார் ஓட்டத் தெரியாது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட நீளமான அறை, சுவரில் ஒரு திரை. அன்றைக்கு மணி பத்தரை இருக்கும். "டோக்கன் எண் நாற்பத்து நான்கு, அறை எண் மூன்று" என்று மாப்பிள்ளையின் குரல் கூப்பிட்டது. அழகான உச்சரிப்பு. அவர் தலையைத் தூக்கினார். நாற்பத்து ஐந்தையும் நாற்பத்து ஆறையும் கூப்பிட்டது. கழுத்தில் துணி கட்டியிருந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டார். அந்தத் துளை வழியாகத்தான் அவருக்கு மூச்சு. பிறகு அவர் குரல் அவருடைய எண்ணைக் கூப்பிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டது.

"வாங்க மாப்ளே, நம்மளத்தான்," என்று கையைப் பிடித்து எழுப்பினேன்.

யார் குரல் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. பெயர் எங்கும் போடவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் உட்கார முடிகிறது என்று அவர் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். பெயரில்லாமல் என் கதைகளைக் கேட்டுக்கொண்டு நான் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது காரில் அவர் டேப்லெட்டில் நெடுநேரம் ஏதோ தட்டினார். சத்தத்தை அணைத்துவிட்டு, சிக்னலில் நின்றபோது என் பக்கம் நீட்டினார். படித்தேன்.

‘நான் உங்களுக்குப் பண்ணுனது இப்பதான் எனக்குப் புரியுது மச்சான். பேர் இல்லாம கேக்கறது எப்படி இருக்கும்னு. குரல் திரும்பி வந்ததும் முதல்ல உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். நூத்திப் பதினாலு கதைக்கும்.’

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். டேப்லெட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாப்ளே. உடம்ப பாருங்க," என்றேன்.

என் கோரிக்கையைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் போதும். கைப்பேசியிலேயே செய்யலாம். அடுத்த சிக்னலில் செய்திருக்கலாம். அதற்குப் பிறகு அவர் ஐம்பத்திரண்டு நாள் இருந்தார், ஒவ்வொரு நாளும் செய்திருக்கலாம். கடைசி வாரம் அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் வரவேயில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அவர் அவளை நோக்கி உதட்டை மட்டும் அசைத்தார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் தெரிந்தே செய்தேன், இதில் கைதவறி நடந்தது ஒன்றும் கிடையாது.

நீங்கள் முக்கியமாகக் கேட்டது அந்தச் சிறுமியின் பதிவைப் பற்றி. அப்பா போன பிறகு அவள் அம்மாவோடு மருத்துவமனைக்குக் காகிதங்கள் வாங்கப் போயிருக்கிறாள். அங்கே டோக்கன் கூப்பிடுவதைக் கேட்டு, அம்மாவின் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்து, ‘எங்க அப்பா’ என்று தலைப்பு வைத்து ஏற்றியிருந்தாள். ‘அறை எண் மூன்று’ என்பதற்குப் பிறகு அவள் "அப்பா" என்று கூப்பிடுவதும் அதில் கேட்கிறது. இயந்திரம் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது என்று என் திரைக்கு அனுப்பியது. ‘நீக்கு’ பொத்தானை அழுத்தினேன். விதி எல்லோருக்கும் ஒன்று. தாய்மாமன் என்பதால் ஒரு நாள் தாமதித்தேன். பதிவு நீக்கப்பட்ட அறிவிப்பில் மறுபடி அதே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து, பழைய காகிதங்களைத் தேடப்போய்த்தான் தங்கை அலமாரியில் இருந்த உறையைப் பிரித்தாள்.

அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. குரலைக் குழந்தைக்காவது விட்டுக்கொடுக்கச் சொல்லி நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். முடியாது. அது இப்போது எனக்கு வேண்டியிருக்கிறது.

நானும் அந்தக் குரலை வைத்து ஒரு செயலி செய்துகொண்டேன், உரிமையாளருக்கு அதற்குத் தடையில்லை. கதைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறேன். அப்பா கதையிலிருந்துதான் தொடங்கினேன். ‘இது எங்க அப்பாவுக்கு நடந்தது’ என்ற வரியை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் மாப்பிள்ளை இப்போது, "இந்தக் கதையை எழுதினது என் மச்சான்" என்று ஆரம்பித்து என் பெயரைச் சொல்கிறார், அப்பாவின் பெயரையும் சொல்கிறார். தினமும் காலையில் அலுவலகம் கிளம்புவதற்கு முன் போட்டுக் கேட்கிறேன். கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். வரி நான் எழுதிக் கொடுத்ததுதான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள், மனதாரச் சொல்கிற மாதிரி இல்லையா?